விழுவதற்கு ஓர் இடம்

தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் திண்டிவனத்தில் வளர்ந்த பையன்களுக்கு ட்ரம்ப் கார்டுதான் முதல் பொது அறிவுப் புத்தகம். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று ஒவ்வொரு கார்டிலும் ஒருத்தனின் ஜாதகமே இருக்கும். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவன்கூட பிக் ஷோவின் எடையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாடு முழுக்க எல்லாத் தெருவிலும் அதே ஏழு உயிர்தான் என்பது காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு தெரிந்தது. மதுரைக்காரன், சேலத்துக்காரன், நாகர்கோவில்காரன் எல்லோரும் அந்தக் கணக்கில் மட்டும் ஒத்துப்போனார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் அந்தச் செய்தி எப்படிப் பரவியது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

அப்போதெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து யாராவது ஒரு மாமா வந்து கெடுப்பார். "டேய், இதெல்லாம் டூப்புடா. முன்னாடியே பேசி வச்சிக்கினு அடிச்சிக்கிறானுங்க." நாங்கள் சண்டைக்குப் போவோம். ரத்தம் வருதே, பல் உடையுதே, அதெல்லாம் எப்படி டூப்பு?

மாமா சொன்னதை அந்தக் கம்பெனியே எங்களுக்கு முன்னால் ஒப்புக்கொண்டிருந்தது. 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாண செனட்டில் டபிள்யூடபிள்யூஎஃப் தரப்பு, தாங்கள் நடத்துவது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று சொன்னது. மனசாட்சி உறுத்தியதால் வந்த உண்மை இல்லை அது. விளையாட்டுப் போட்டி என்றால் விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வை, கட்டணம், டாக்டர் பரிசோதனை என்று நிறைய இருந்தது. நாடகம் என்று சொல்லிவிட்டால் அதெல்லாம் கிடையாது. அதற்கும் முப்பது வருடங்களுக்கு முன்பே, 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' புத்தகத்தின் முதல் கட்டுரையில், ரொலாண் பார்த் இதை விளையாட்டாகப் பார்க்கவே கூடாது, பழைய கிரேக்க நாடகத்தைப் போன்ற காட்சியாகப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார். யார் ஜெயிப்பார் என்பது பார்வையாளருக்கு முக்கியமில்லை; வலி, தோல்வி, நியாயம் எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பொய்யா நெஜமா என்ற கேள்வி எனக்கு அதோடு முடிந்துவிட்டது. முடியாத கேள்வி வேறு ஒன்று. அதை என்னிடம் கேட்டவன் என் சித்தி பையன். "அண்ணா, இத வச்சி பொழைக்க முடியுமா?"

*

அவன் விழுப்புரத்தில் ஒரு ஜிம்மில் ட்ரெய்னர். அஞ்சடி எட்டங்குலம். இந்தக் கட்டுரையில் பெயர் வேண்டாம் என்றான். வெட்கத்தால் இல்லை. "ரிங்குக்குன்னு ஒரு பேரு வச்சிருக்கன்ணா. அது வரும்போது வரட்டும்."

இரண்டு வருடங்களுக்கு முன்னால் வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தான். சித்தியின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. அவனுக்கு இந்தி தெரியாது. சப்பாத்தியும் குளிரும் ஒரு பக்கம். ஆனால் அவன் திரும்பி வந்து சொன்ன கதைகளில் அதெல்லாம் பெரிதாக வரவே இல்லை. வந்ததெல்லாம் விழுவதைப் பற்றித்தான்.

டிவியில் பார்க்கும்போது ரிங் மெத்தை மாதிரி இருக்கும். அது மெத்தை கிடையாது. கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகைகள், பலகைமேல் மெல்லிசாக ஒரு ஃபோம், அதை இழுத்துக் கட்டிய கேன்வாஸ். டபிள்யூடபிள்யூஇ ரிங் பக்கத்துக்கு 20 அடி. சின்ன கம்பெனிகளில் 16, 18 அடி. மொத்தத்தில் கல்யாண மேடையில் மல்லாக்க விழுகிற மாதிரிதான். கொஞ்சம் அதிர்வைத் தாங்கும், 'டமார்' என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் பாதி வேலையைச் செய்துவிடும்.

முதலில் விழ மட்டும்தான் சொல்லித் தருவார்கள். அதற்கு 'பம்ப்' என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தலை பின்னால் போனால் கதை முடிந்தது. மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். முதுகின் மேல்பாகம் மொத்தமும் ஒரே நேரத்தில் தரையில் படவேண்டும். இடுப்பு முதலில் பட்டால் தண்டுவடத்துக்குப் போகும். இரண்டு உள்ளங்கைகளாலும் அதே கணத்தில் தரையை அறைய வேண்டும். இதை உட்கார்ந்த நிலையிலிருந்து, குந்திய நிலையிலிருந்து, நின்ற நிலையிலிருந்து, பிறகு ஒருத்தன் தூக்கிப் போடும் உயரத்திலிருந்து. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது தடவை. "மொதோ பத்து நாளு சட்டைய கழட்ட முடிலணா. தூங்கறப்ப பொரண்டு படுத்தா அழுவ வருது." கயிற்றில் ஓடி மோதித் திரும்புவதும் விளையாட்டு இல்லை. பல ரிங்குகளில் அது இரும்புக் கேபிள். மேலே ரப்பர் குழாய் சுற்றியிருக்கும். அவன் விலாவில் இருந்த நீலத்தழும்பு ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்தும் மஞ்சளாகத் தெரிந்தது.

அடுத்ததாக அவன் சொன்னது எனக்குப் புதிது. "அடிக்கிறது ஒண்ணுமேல்லணா. அடி வாங்குறவன்தான் முக்கால் வேல செய்றான்." ஒருத்தனைத் தலைக்குமேல் தூக்குகிறார்கள் என்றால், தூக்கப்படுகிறவன் சரியான நேரத்தில் எம்பிக் கொடுக்கிறான். கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார்கள் என்றால், அந்த நெருக்கத்தில்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று காதில் சொல்லிக்கொள்கிறார்கள். கழுத்துப்பிடியோ கைப்பிடியோ எப்போதும் இடது பக்கம்தான். மெக்சிகோவில் மட்டும் வலது பக்கம். ஒருவரை ஒருவர் அன்றுதான் முதன்முறை பார்க்கிற இரண்டு பேர், பாஷை தெரியாவிட்டாலும், சேர்ந்து இருபது நிமிடம் சண்டை போட முடிவது இந்த மாதிரிப் பொது இலக்கணத்தால்தான். என் சித்தி பையனுக்கு அந்த மூன்று மாதத்தில் ஓரளவாவது பிடிபட்ட வடநாட்டு பாஷை அது ஒன்றுதான்.

தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. டரன் ட்ரோஸ்டாவ் என்ற மல்லர், ரிங்கில் 'ட்ரோஸ்'. 1999 அக்டோபரில், நூறு தடவை செய்து பழகிய ஒரு சாதாரணத் தூக்கு. அந்த ஒருமுறை பிடி சரியாக அமையவில்லை. தலைகுப்புற விழுந்தார். அதன்பிறகு அவர் நடக்கவே இல்லை. 2023இல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான். மாமா 'டூப்பு' என்று சொன்னது இதைத்தான். முடிவு முன்கூட்டியே பேசிவைத்தது, சரி. பூமி ஈர்ப்பு விசையிடம் யாரும் பேசிவைக்க முடியாது.

மூன்று மாதம் முடிந்தது, பணமும் முடிந்தது. ஊருக்கு வந்தான். அப்போதுதான் பிரச்சினை தெரிந்தது. அவனுக்கு விழத் தெரியும். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் விழுவதற்கு இடமே இல்லை. "உடம்பு மறந்துடும்ணா. ஆறு மாசம் வுட்டா மறுபடி மொதல்லருந்து."

*

இந்தியாவில் இந்தத் தொழில் புதியது இல்லை. நம் தாத்தாக்கள் காலத்து டபிள்யூடபிள்யூஇ, தாராசிங்கும் கிங் காங்கும். பஞ்சாபிலிருந்து நாற்பதுகளின் கடைசியில் சிங்கப்பூருக்குப் போனவர் தாராசிங். அங்கே கேளிக்கைப் பூங்காக்களில் டிக்கெட் வைத்து மல்யுத்தம் நடந்த காலம் அது. கிங் காங் என்ற எமில் சாயா ருமேனியாப் பக்கத்து ஹங்கேரிக்காரர். கடைசியில் சிங்கப்பூரிலேயே தங்கி, 1970இல் இறந்தார். இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய் மோதினார்கள். தாராசிங் 1968இல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸைத் தோற்கடித்தார். அப்புறம் சினிமா, அப்புறம் ராமாயண சீரியலில் அனுமார். ஊர் ஊராகச் சுற்றும் அந்த வழி அவர்களுக்குப் பிறகு தொடரவில்லை.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் கதவு எப்போதாவது திறந்து மூடிய கதைகள். இமாச்சலத்துக்காரரான தலிப் சிங் ராணா, பஞ்சாப் போலீஸில் இருந்தவர், 2006இல் கிரேட் காளியாக வந்து அண்டர்டேக்கரையே வீழ்த்தினார். மறுவருடம் சாம்பியன். அவருடைய தகுதியில் ஏழடி உயரம் பெரிய பங்கு. 2012இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி புனேயில் எடுத்த 'ரிங் கா கிங்' நிகழ்ச்சி கலர்ஸ் சேனலில் வந்தது. ஒரே சீசனோடு நின்றது. 2015இல் காளி ஜலந்தரில் ஒரு பயிற்சிப்பள்ளி தொடங்கினார். அங்கே சுடிதாரோடு ரிங்கில் ஏறிச் சண்டை போட்ட ஹரியானாவின் கவிதா தேவியின் வீடியோ பரவி, 2017இல் அவர் டபிள்யூடபிள்யூஇ போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் ஆனார். உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங் முதலில் ஈட்டி எறிந்தவர். 2008இல் ஒரு டிவி போட்டியில் ஜெயித்து அமெரிக்காவில் பேஸ்பால் ஆடப் போய், பத்து வருடம் கழித்து மல்யுத்தத்துக்கு வந்தவர். 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலியில் டபிள்யூடபிள்யூஇ ஒரு ஷோ நடத்தியது. ஜான் சீனா வந்தார். மறுநாள் ரிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாமே 'தேர்ந்தெடுக்கப்பட்ட' கதைகள். யாரோ வந்தார்கள், உயரத்தைப் பார்த்தார்கள், தோளைப் பார்த்தார்கள், கூட்டிப்போனார்கள். ஒருத்தன் தன் ஊரில் சின்னதாகத் தொடங்கி, அடுத்த ஊருக்குப் போய், கொஞ்சம் பெயர் எடுத்து, படிப்படியாக மேலே வந்தான் என்ற கதை இதில் இல்லை. லாட்டரிச் சீட்டு விழுந்தவர்களைக் காட்டி லாட்டரியை வேலை என்று சொல்ல முடியாது. அஞ்சடி எட்டங்குலக்காரனுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது.

*

படிப்படியாக வருகிற வழி வேறு நாடுகளில் இருக்கிறது. அதற்குத்தான் 'இண்டி' என்று பெயர். அமெரிக்காவில், இங்கிலாந்தில், ஜப்பானில், மெக்சிகோவில் சின்னச் சின்ன கம்பெனிகள் வாராவாரம் ஏதோ ஒரு பள்ளிக்கூட ஜிம்மிலோ சமூகக்கூடத்திலோ ரிங் போடுகின்றன. சில ராத்திரிகளில் கூட்டம் நூறு பேரைத் தாண்டாது. புதிதாக வந்தவனுக்கு முதல் சில மாதங்கள் ரிங்கைப் பூட்டிக் கழற்றுவதும் நாற்காலி போடுவதும்தான் வேலை. பிறகு ஒரு ஐந்து நிமிடம் கிடைக்கும். தோற்கத்தான் கிடைக்கும். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி; பல நேரம் அது பெட்ரோலுக்கே சரியாகிவிடும். நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் போவார்கள். அந்தக் காரில் பெரியவர்கள் பேசுவதுதான் சின்னவர்களுக்குப் படிப்பு. சண்டை முடிந்ததும் வேர்வையோடு வெளியே வந்து மேஜைபோட்டு டி-ஷர்ட் விற்க வேண்டும். நிறையப் பேருக்குக் கூலியைவிட அந்த மேஜையில்தான் காசு.

இதில் பெரியதாகவும் நடந்திருக்கிறது. பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்த கோடி ரோட்ஸும், டி-ஷர்ட் விற்றே பெயர் வாங்கிய யங் பக்ஸ் என்ற அண்ணன் தம்பியும், 'சின்ன கம்பெனிக்காரர்களால் பத்தாயிரம் பேரைக் கூட்ட முடியாது' என்று ஒரு பத்திரிகையாளர் சொன்னதற்குப் பந்தயம் கட்டினார்கள். 2018 செப்டம்பர் 1, சிகாகோ பக்கத்தில் 'ஆல் இன்'. டிக்கெட் அரைமணி நேரத்தில் தீர்ந்தது. பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம். அடுத்த ஜனவரியில் அதிலிருந்து ஏஇடபிள்யூ என்ற புதுக் கம்பெனியே வந்தது.

நாம் பார்ப்பது அந்தப் பத்தாயிரம் பேரை. அதற்குமுன் அவர்கள் நாற்பது பேருக்கு முன்னால் சண்டை போட்ட நூற்றுக்கணக்கான ராத்திரிகளை யாரும் வீடியோவாகப் பார்ப்பதில்லை. கூட்டத்தை எப்போது அமைதியாக்குவது, எப்போது கத்தவிடுவது, வில்லனாக வந்தால் எந்த வார்த்தையில் திட்டு வாங்குவது என்பதெல்லாம் ஜிம்மில் வராது. கூட்டத்தின் முன்னால் மட்டும்தான் வரும். இந்தத் தொழிலின் மூலதனம் ராத்திரிகளின் எண்ணிக்கை. ஒரு வருடத்தில் எத்தனை ராத்திரி உனக்குக் கூட்டம் இருந்தது? நம் பையனுக்கு அது பூஜ்யம்.

*

இங்கேதான் எனக்கு எங்கள் சின்ன தாத்தாவின் நினைவு வந்தது. அம்மாவழித் தாத்தாவின் தம்பி. இருபது வருடத்துக்கு மேல் துரியோதனன் கட்டியவர்.

திண்டிவனம், மயிலம், செஞ்சி, விக்கிரவாண்டி என்று எங்கள் பக்கம் எந்தத் திசையில் போனாலும் ஒரு திரௌபதி அம்மன் கோயில் இருக்கும். அம்மனுக்குத் தாய்வீடே செஞ்சி பக்கத்து மேலச்சேரிதான் என்பார்கள். மாசி, பங்குனி தொடங்கி ஆடி முடியும்வரை ஊர் மாற்றி ஊர் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், ராத்திரி கூத்து. விடிய விடிய. ஆட வருகிற குழுவுக்கு ஜமா என்று பெயர். பத்துப் பதினைந்து பேர். வாத்தியார்தான் எல்லாம். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டால் அந்த ராத்திரி அந்த ஊருக்கு. முகத்துக்கு அரிதாரம் அவரவரே பூசிக்கொள்ள வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் பெட்டியில் வரும். விடிந்ததும் அதே பெட்டியோடு அடுத்த ஊருக்கு வண்டி. ராத்திரிக்கு இவ்வளவு என்று பங்கு. சீசன் முடிந்தால் கழனி வேலை, செங்கல் சூளை, ஏதோ ஒன்று.

முந்தைய பத்தியில் 'காரில் நாலு பேர்' என்று எழுதியதை இதோடு வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ரிங்கில் நுழைவதற்கு ஒரு பாட்டு உண்டு, புகை உண்டு. கூத்தில் திரை உண்டு. இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து ராஜாவின் குரல் மட்டும் வரும், கிரீடம் கொஞ்சம் தெரியும், சலங்கைச் சத்தம், திரை விலகியதும் சுற்றிச் சுழன்று ஒரு வருகை. கட்டியங்காரன் பாதி அறிவிப்பாளர், பாதி கமென்டேட்டர், பாதி கோமாளி. கணக்கு இடித்தாலும் அவன் அப்படித்தான்.

வில்லனுக்கு ரிங்கில் 'ஹீல்' என்று பெயர். நல்லவனைக் கூட்டம் நேசிக்கவேண்டும் என்றால் ஹீல் தன் வேலையைச் சரியாகச் செய்யவேண்டும். எங்கள் ஊரின் பெரிய ஹீல் துரியோதனன். சின்ன தாத்தா டீக்கடைக்குப் போனால் கிழவிகள், "வந்துட்டான் பாரு, பொம்பளைய சபைக்கு இழுத்தவன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்களாம். அவர் அதைச் சம்பளத்தைவிட மேலாக நினைத்தார். துகிலுரிதல் அன்று துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கைவைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, திரௌபதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். கூட்டம் பார்க்கவே அது நடக்கும். யாரும் 'அப்போ இது டூப்பா' என்று எழுந்து போவதில்லை. அதைப் பார்த்தபிறகுதான் பெண்கள் அழவே தொடங்குவார்கள்.

கடைசி நாள் படுகளம். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும், உச்சி வெயிலில், கட்டையோடு, கிரீடத்தோடு. பீமன் தொடையில் அடிப்பான். தொடைக்குள் சிவப்புநீர் ஊற்றிய பானை புதைத்திருக்கும். அதை யார் புதைத்தார் என்று ஊருக்கே தெரியும். அதை எடுத்து அம்மன் கூந்தல் முடிக்கும்போது ஊரே கையெடுத்துக் கும்பிடும். போகும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் வைப்பார்கள்.

சினிமா வந்து, டிவி வந்து, செல்போன் வந்தும் ஜமாக்கள் முழுசாக அழியவில்லை. காரணம் கலையின் மகிமை மட்டும் இல்லை. ஊர் ஊருக்கு ஒரு திருவிழா, அதற்கு ஒரு வரி, அதற்கு ஒரு ராத்திரி என்ற ஏற்பாடு இருக்கிறது. புதிதாகச் சேரும் பையன் முதலில் கோமாளியாகவோ சின்ன வேஷத்திலோ தப்புச் செய்யலாம். நாளைக்கு வேறு ஊரில் அதைத் திருத்திக்கொள்ளலாம். இண்டி மல்லனுக்கு வேண்டியதும் அதேதான்.

*

இதை ரொம்பவும் இனிப்பாகச் சொல்லிவிடக் கூடாது. விழுப்புரம் பக்கத்து மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலை 2023 ஜூனில் வருவாய்த்துறை பூட்டிச் சீல் வைத்தது. அந்த ஏப்ரலில் கோயிலுக்குள் போன பட்டியல் சாதி மக்கள் தாக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து எழுந்த பிரச்சினையில்தான் பூட்டு. ஊரே கும்பிடும் என்று மேலே எழுதினேனே, அந்த 'ஊரே'வுக்குள் யார் யார் என்பது எங்கள் மாவட்டத்தில் இன்னும் சண்டையாக இருக்கிற விஷயம். டிக்கெட் எடுத்தவன் எவனும் உட்காரலாம் என்ற ரிங், அந்த ஒரு விஷயத்தில் படுகளத்தைவிட மேல். பெண்களும் அப்படித்தான். காலகாலமாகத் திரௌபதியாக ஆடியது ஆண்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் கட்டைக்கூத்துச் சங்கமும், 2002இலிருந்து 2020வரை ஒரு குருகுலமும் நடத்தி, பள்ளிப் படிப்போடு பெண்பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்ததுதான் அதைக் கொஞ்சம் அசைத்தது.

உடம்பு விஷயத்தில் இரண்டும் ஒரே மாதிரி மோசம். சின்ன தாத்தாவுக்குக் கடைசிப் பத்து வருடம் முழங்கால் போய்விட்டது; கட்டைகளின் பாரத்தில் தோளில் காய்ப்பு. டபிள்யூடபிள்யூஇயில் கோடிகளில் சம்பாதிக்கிறவர்கள்கூட காகிதத்தில் ஊழியர்கள் கிடையாது, தனி ஒப்பந்தக்காரர்கள். அப்படியிருக்க திண்டிவனத்துப் பையனுக்கு யார் இன்சூரன்ஸ் போடுவார்?

கூத்துக்காரருக்காவது நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் என்று ஒன்று இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. குஸ்திக்காரருக்கு மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒரு பாதை இருக்கிறது. இவனுக்கு? விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் இது போட்டி இல்லை, நாடகம் என்பார்கள். கலை பண்பாட்டு அலுவலகத்தில் கேட்டால் இது சண்டை, கலை இல்லை என்பார்கள். நியூ ஜெர்சியில் ஒரு முதலாளிக்கு லாபமாக இருந்த அதே இடைவெளி, விழுப்புரத்தில் ஒரு தொழிலாளிக்குப் பள்ளமாக இருக்கிறது.

*

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொன்னேன். ஜமா, சீசன், துரியோதனன், எல்லாம். பொறுமையாகக் கேட்டான். அப்புறம் சொன்னான்: "நல்லாதான்ணா இருக்குது. ஆனா கூத்தச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தாத. தாத்தாவுக்குப் படுகளம் இருந்துது. எனக்கு ரிங் வேணும்."

சரிதான். ஒப்பிட்டுப் பார்ப்பது எழுதுகிறவனுக்குத் தீனி. அவனுக்கு வேண்டியது பலகை.

மொட்டைமாடியில் மெத்தை போட்டுக் குதித்து ரீல்ஸ் எடுக்கும் பையன்களோடு அவன் சேர்வதில்லை. "அவுனுங்களுக்கு வுழத் தெரியாதுணா. ஒருத்தன் கழுத்து போனா மொத்தமா மூடிடுவாங்க." அவனோடு அதே பள்ளியில் இருந்த புதுச்சேரிப் பையன் ஒருத்தன் இருக்கிறான். பெங்களூரில் சில வருடமாக ரிங்கில் ஏறும் ஒரு சீனியர், மாதம் ஒரு தடவை வந்து சொல்லித்தருகிறேன் என்றிருக்கிறார். அவர் வராத நாளில் தலைக்குமேல் எதுவும் கிடையாது, தரையோடுதான் என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். முதலில் இடம். திண்டிவனத்தில் பந்தல் போடுகிறவர் ஒருவரிடம் மேடைப் பலகைகள் வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். அவருடைய குடோனிலேயே ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், முகூர்த்தம் இல்லாத மாதங்களில் மட்டும். ஆடியும் மார்கழியும். இவனுக்கும் ஒரு சீசன் வந்துவிட்டது.

மிச்சம் அடிச்சட்டம். அதற்கு வெல்டிங் பட்டறைக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அவன் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினான். 16 அடிக்கு 16 அடி, நான்கு மூலைக்கும் தூண், நடுவில் குறுக்குச்சட்டங்கள். பட்டறைக்காரர் ரொம்ப நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எதற்கு இது, யார் பார்ப்பார்கள், என்ன வருமானம் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, எவ்ளோ வெயிட் தாங்கணும்?"

"ரெண்டு ஆளுண்ணா. ஒருத்தன்மேல ஒருத்தன், மேலருந்து வுழுவாங்க. டெய்லி."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் கணக்குப் போட ஆரம்பித்தார்.